உடையும் குரல்

வசந்த காலத்தில் அமெரிக்கக் காடுகளில் வான்கோழிச் சேவல் விடியும் முன்பே கத்தத் தொடங்கிவிடும். இரவைக் கழித்த கிளையில் இருந்தபடியே கத்தும். குரல் கேட்டுப் பெட்டைகள்தான் அதைத் தேடி வரவேண்டும். வேட்டைக்காரர் இந்த வழக்கத்தைத் தலைகீழாக்கப் பார்க்கிறார். மரத்தடியில் அசையாமல் உட்கார்ந்து, பெட்டையின் குரலை எழுப்பி, சேவலைத் தன் பக்கம் வரவைக்க வேண்டும். அதற்கு அவர் நம்புவது ஒரு சாண் நீள மரப்பெட்டியை. ‘பாக்ஸ் கால்’ என்பார்கள்.

ஆர்கன்சா மாநிலத்து டார்டனெல் ஊரைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் 1897இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அமைப்பு இன்றும் அதிகம் மாறவில்லை. மேற்புறம் திறந்த ஒடுக்கமான பெட்டி, ஒரு முனையில் ஸ்க்ரூவும் ஸ்பிரிங்கும் பிடித்துக்கொண்டிருக்கும் மூடி, மறுமுனையில் கைப்பிடி. மூடியின் அடிப்புறம் லேசாக வளைந்திருக்கும். அதில் சாக்கட்டியைத் தேய்த்துப் பக்கப் பலகையின் விளிம்பில் இழுத்தால் ஒலி பிறக்கும். வயலின் வில்லுக்குப் பிசின் செய்யும் வேலையை இங்கே சாக்குப்பொடி செய்கிறது. மூடி விளிம்பைப் பற்றும், வழுக்கும், மறுபடி பற்றும். அந்த அதிர்வைப் பெட்டி பெருக்கித் தரும். எண்ணெய்ப் பிசுக்கோ ஈரமோ பட்டால் பெட்டி ஊமையாகிவிடும்.

இனிமையான ஒலி வரவழைப்பது பெரிய காரியமல்ல. பெட்டை வான்கோழியின் குரல் மெல்லிய உச்சத்தில் தொடங்கி, நடுவில் சட்டென்று உடைந்து, கரகரப்பாகக் கீழே இறங்கும். அந்த உடைவுதான் வேண்டும். அது வராவிட்டால் பெட்டி எவ்வளவு அழகாக இருந்து என்ன? பக்கப் பலகையின் கனம் சுமார் மூன்று மில்லிமீட்டர். சிலர் அதையும் குறைப்பார்கள். விளிம்பில் உப்புத்தாளை இரண்டு இழுப்பு இழுத்து, சாக் பூசி, மூடியை ஓட்டிக் கேட்பார்கள். மறுபடி தேய்ப்பார்கள். கொஞ்சம் அதிகமாகத் தேய்ந்துவிட்டால் போன மரம் திரும்பாது. ஒரே பலகையில் அறுத்த இரண்டு பெட்டிகள்கூட ஒரே குரலில் பேசுவதில்லை. அதனால்தான் அளவுக்குறிப்பை வைத்துக்கொண்டு மட்டும் நல்ல பெட்டி செய்துவிட முடியாது என்கிறேன். காட்டில் உட்கார்ந்து கேட்டுப் பழகிய காது வேண்டும்.

தென் கரோலினாவின் நீல் காஸ்டுக்கு அந்தக் காது இருந்தது. படகுத் துடுப்புப் போல நீண்ட மூடி வைத்து அவர் செய்த பெட்டிகளைச் சேகரிப்பாளர்கள் இன்று ஆயிரக்கணக்கான டாலர் கொடுத்து வாங்குகிறார்கள். அவை கண்ணாடி அலமாரிக்குள் சும்மா கிடப்பது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

வால்நட், செர்ரி, செடார், மகோகனி என்று மரத்துக்கு ஒரு குரல். என்னை அதிகம் தொட்டது செஸ்ட்நட். ஒரு காலத்தில் கிழக்கு அமெரிக்கக் காடுகளை நிறைத்திருந்த மரம். அதன் கொட்டைகளைத் தின்றுதான் வான்கோழிகள் கொழுத்தன. 1904இல் நியூயார்க்கில் கண்டறியப்பட்ட பூஞ்சை நோய் சில பத்தாண்டுகளில் கோடிக்கணக்கான மரங்களைக் கொன்றது. இன்று பழைய களஞ்சியங்களைப் பிரிக்கும்போது கிடைக்கும் பலகைகளில் சிலர் பெட்டி செய்கிறார்கள். தான் தீனி போட்ட பறவையின் குரலில் அந்த மரம் இப்போது பேசுகிறது.

பறவையும் அதே காலத்தில் அழிவின் விளிம்பில்தான் இருந்தது. மிதமிஞ்சிய வேட்டையும் காடழிப்பும் காரணம். துப்பாக்கி, தோட்டா மீதான வரியை வனவிலங்குகளுக்குச் செலவிட 1937இல் சட்டம் வந்தது. பண்ணையில் வளர்த்துக் காட்டில் விட்ட வான்கோழிகள் பிழைக்கவில்லை. 1950களில் சிறு பீரங்கிகளால் வலை வீசிக் காட்டுப் பறவைகளையே பிடித்து வேறு காடுகளில் விட்ட பிறகுதான் இனம் பெருகியது. இப்போது அவை பல லட்சம். அந்த மீட்சி நடக்காமல் போயிருந்தால், பெட்டி செய்பவர் எந்தக் குரலைக் கேட்டு விளிம்பைத் தேய்த்திருப்பார்?

துப்பாக்கியில் முடியும் கலை என்பது எனக்கும் உறுத்துகிறது. ஆனாலும் பல மாநிலங்களில் வசந்த கால வேட்டையில் பெட்டைகளைச் சுடத் தடை இருக்கிறது.

கைவினைப் பெட்டி வாங்குகிறவர் முதலில் கற்க வேண்டியது, ஸ்க்ரூவைத் தொடாமல் இருப்பது. அரைத் திருகில் குரல் மாறிவிடும். செய்தவர் காதால் கேட்டு நிறுத்திய இடம் அது.