தோப்பில் மீரானுக்காக நாம் பேசியாக வேண்டும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோர வாசகத் தோழர்களே!

இன்னும் எத்தனை நாள் கேட்டுக்கொண்டிருப்பது? தோப்பில் முஹம்மது மீரான் எழுதியது தமிழே இல்லை, பாதி மலையாளம் என்கிறார் ஒருவர். சொந்தச் சமுதாயத்தைச் சந்தியில் நிறுத்திவிட்டார் என்கிறார் இன்னொருவர். பத்துப் பக்கம் புரட்டாதவர்களும் தீர்ப்புச் சொல்கிறார்கள். பதில் சொல்ல அவர் இல்லை; 2019 மே 10 அன்று மறைந்துவிட்டார். இனிப் பேச வேண்டியது நாம்தான்.

மொழியைக் குறை சொல்கிறவர்கள் களியக்காவிளைச் சந்தையில் ஒரு காலைப்பொழுது நிற்கட்டும். இஞ்சிவிளையிலும் செங்கலிலும் பொழியூரிலும் நம் வீட்டு அடுக்களைப் பேச்சைக் கேட்கட்டும். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. நம் பேச்சு அந்த எல்லைக்கு அடங்கவில்லை. தேங்காய்ப்பட்டணத்தில் பிறந்து, பள்ளியில் மலையாளத்தில் படித்து, திருநெல்வேலியில் மிளகாய் வற்றல் வியாபாரம் பார்த்தபடியே நாவல் எழுதியவர் மீரான். அவர் காதில் விழுந்த பேச்சுதான் நம் காதிலும் விழுகிறது. அது கலப்படம் என்றால் நம் அம்மைமார் நமக்குப் பேசித் தந்ததும் கலப்படமா? இதை நாம் பொறுக்கக் கூடாது.

அடுத்த பழி இதைவிடக் கொடியது. 1988இல் வந்த ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’யில் அகமதுக்கண்ணு முதலாளி ஒரு கிராமத்தையே கைக்குள் வைத்திருக்கிறார். ஏழைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதற்கு மதத்தின் பெயரால் தடை வருகிறது. இதைச் சொன்னால் சமுதாயத்துக்கு அவமானமாம்! அடிபட்டவர்கள் பக்கம் நின்று அவர் எழுதினார். நம் ஊர்களில் எந்தச் சாதிக்காரர் படித்தாலும், எந்த மதத்தவர் படித்தாலும், தன் ஊர்ப் பெரிய வீடு ஒன்று நினைவுக்கு வராமல் போகாது. ‘சாய்வு நாற்காலி’க்கு 1997இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது உண்மை. ஆனால் விருதைக் காட்டி வாதாட வேண்டாம். நாவலைத் திறந்து காட்டி வாதாடுவோம்.

எழுத்தாளர் பெருமாள்முருகனுக்கு நேர்ந்ததை மறந்துவிடாதீர்கள். 2010இல் வெளியான அவருடைய ‘மாதொருபாகன்’ நாவல் பல வாசகர்களுக்குப் பிடித்திருந்தது. 2014 முடிவில் அதற்கு எதிராக எதிர்ப்பாளர்கள் திரண்டபோது திருச்செங்கோட்டில் அந்த வாசகர்களின் குரல் எழவில்லை. 2015 ஜனவரியில் அவர் தன்னுள் இருந்த எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அறிவித்தார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்த பிறகுதான் திரும்பி வந்தார். வாசகர்கள் நேரத்துக்கு வந்திருக்க வேண்டும்.

தோழர்களே, ஏச்சுக்கு ஏச்சு வேண்டாம். உங்கள் ஊர் கிரந்தசாலைக்குப் போங்கள். மீரானின் நாவல்களைத் தமிழிலேயே வாங்கி வைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். தமிழ் எழுத்துத் தெரியாத நம் பிள்ளைகளை உட்கார வைத்து உரக்க வாசியுங்கள். கேட்டால் அவர்களுக்குப் புரியும். யாராவது அவரைப் பழித்துப் பேசினால் எழுந்து நின்று, எந்தப் பக்கத்தில் அப்படி இருக்கிறது என்று கேளுங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்!