ரெப்ரெஷ் அழுத்தினால் யார் குற்றம்?

"பணம் கட்டும்போது ரெப்ரெஷ் அழுத்தாதீர்கள், பேக் பட்டனைத் தொடாதீர்கள்" என்று பல தளங்கள் நம்மைப் பயமுறுத்துகின்றன. நாமக்கல்லில் வீட்டில் உட்கார்ந்தபடி ஒரு தளத்தில் பணம் கட்டினேன். திரை அப்படியே நின்றுவிட்டது. எப் 5 கீயைத் தட்டினேன். மீண்டும் அனுப்பவா என்று பிரவுசர் கேட்டது. படிக்காமல் ஓகே கொடுத்தேன். பணம் இரண்டு முறை போய்விட்டது. ஒரு தொகை திரும்பி வரப் பத்து நாள் ஆனது.

தவறு என்னுடையது மட்டும்தானா? இல்லை என்பது என் கருத்து.

வெப் பேஜ் என்றால் சர்வரில் தயாராக இருக்கும் பைல் என்று நினைக்கிறோம். எல்லாத் தளங்களும் அப்படி அல்ல. சேலம் ஜங்ஷனில் ரயில் ஏற ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் டிக்கெட் எடுத்தவர்கள், 2010-களில் அதன் முகவரி ஜே.எஸ்.எப். என்று முடிந்ததைப் பார்த்திருக்கலாம். அது ஜாவா சர்வர் பேசஸ் என்ற பிரேம்வொர்க்கின் அடையாளம். நீங்கள் கேட்ட பிறகுதான் பக்கமே உருவாகும்.

எங்கள் ஊர் லாரி புக்கிங் ஆபீசை நினைத்துக்கொள்ளுங்கள். சரக்கு எந்த ஊருக்கு என்று பார்த்து, அதற்கான லாரியைப் பிடித்துத் தருவார்கள். ஸ்பிரிங் என்ற ஜாவா பிரேம்வொர்க்கில் இந்த வேலையை டிஸ்பேட்சர் சர்வ்லெட் செய்கிறது. முகவரியைப் பார்த்து உரிய கன்ட்ரோலரிடம் வேலையை ஒப்படைக்கிறது. கன்ட்ரோலர் டேட்டாபேஸில் இருந்து விவரங்களை எடுத்துத் தருகிறது. அவை வியூ என்னும் காலிப் படிவத்தில் நிரப்பப்பட்டு, முழுப் பக்கமாக உங்கள் பிரவுசருக்கு வருகின்றன.

ஆகவே ரெப்ரெஷ் என்பது அதே வேலையை மறுபடி செய்யச் சொல்வது. செய்த வேலை பணம் கட்டுவது என்றால், மறுபடியும் அதுவே நடக்கும்.

இதைத் தடுக்க வழி உண்டு. பணம் வாங்கியதும் ரசீதுக்கென உள்ள வேறு முகவரிக்கு பிரவுசரைத் திருப்பிவிடலாம். ஸ்பிரிங்கில் ரீடைரக்ட் என்ற ஒரு சொல் போதும். அதன் பிறகு ரெப்ரெஷ் செய்தால் ரசீது மட்டுமே மீண்டும் வரும். ரசீது வருவதற்கு முன்பே திரை நின்றால்? ஒவ்வொரு படிவத்திற்கும் ஒரு தனி எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் ஒதுக்கிவிடலாம்.

இவற்றைச் செய்யாமல் எச்சரிக்கை மட்டும் எழுதி வைப்பது, புதியவர்கள் தலையில் பழியைப் போடுவதாகும்.

எல்லாத் தளங்களும் திருந்தும்வரை ஒன்று செய்யுங்கள். திரை நின்றால் ரெப்ரெஷ் வேண்டாம். முதலில் வங்கிக் கணக்கைப் பாருங்கள்.