கோரக்கர் மூலி: மருந்தா, குற்றமா?

நாமக்கல்லிலிருந்து கொல்லிமலைக்குப் போகும் பேருந்தில் நீங்கள் ஏறியதுண்டா? காரவள்ளியைத் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கும். மொத்தம் 70 வளைவுகள்! எண்ணிக்கொண்டே போனால் தலைசுற்றல் தெரியாது என்று பக்கத்து இருக்கைப் பெரியவர் எனக்குச் சொன்னார். முப்பதுக்கு மேல் என்னால் எண்ண முடியவில்லை.

மேலே போனதும் உங்களை முதலில் வரவேற்பது முடவாட்டுக்கால் கிழங்கு. பார்ப்பதற்கு ஆட்டின் கால் போலவே பழுப்பு நிறச் சடையோடு இருக்கும். உண்மையில் அது கிழங்கே அல்ல. பாறைகளிலும் மரங்களிலும் ஒட்டி வளரும் ஒரு பெரணியின் தண்டு. அதைச் சீவிச் சூப்பு வைத்துத் தருகிறார்கள். மூட்டுவலிக்கு நல்லது என்கிறார்கள். நானும் ஒரு கோப்பை குடித்தேன். சுவை நன்றாயிருந்தது. மூட்டுவலி போயிற்றா என்று கேட்காதீர்கள். எனக்கு மூட்டுவலியே கிடையாது!

அறப்பளீஸ்வரர் கோயிலிலிருந்து ஆகாய கங்கை அருவிக்கு ஏறக்குறைய ஆயிரம் படிகள் இறங்க வேண்டும். அந்தப் படிகளில் ஓரிடத்தில் சமவெளியிலிருந்து வந்த நான்கு இளைஞர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கல்லூரி மாணவர்களாக இருக்கலாம். புகையின் வாடை வந்தது. நான் நின்று பார்த்ததும் ஒருவன் சிரித்தபடி, "சார், இது சித்தர் மூலிகை. வெளிநாட்டிலெல்லாம் டாக்டரே எழுதிக் கொடுக்கிறார்" என்றான். அதைக் கேட்ட உள்ளூர்ப் பெரியவர் ஒருவர், "மூலிகையும் இல்லை, மண்ணும் இல்லை. விஷம்!" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்.

மாணவ நண்பர்களே, இந்த இருவரில் யார் சொன்னது சரி? இருவருமே பாதிதான் சரி என்பது என் கருத்து. பாதி உண்மை முழுப் பொய்யைவிட அதிகத் தொல்லை தருவது. ஆகவே இதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

முதலில் அந்த இளைஞனின் பேச்சு. சித்த மருத்துவத்தில் கஞ்சாவுக்குக் கோரக்கர் மூலி என்றொரு பெயர் உண்டு என்பது உண்மை. ஆகாய கங்கைக்கு அருகிலேயே கோரக்கர் குகை என்று மக்கள் காட்டும் குகையும் உண்டு. ஆனால் மருத்துவர்கள் அதை நச்சுப் பொருள்களின் வரிசையில்தான் வைத்தார்கள். எட்டிக்கொட்டையைப் போல, சேராங்கொட்டையைப் போல, சுத்தி செய்து, வேறு சரக்குகளோடு சேர்த்து, அளவு பார்த்துத் தர வேண்டிய பொருள் அது. இன்றைய மருந்துச் சட்டத்தின் கீழுள்ள விதிகளும் அதை நச்சுப் பொருள் பட்டியலில் வைத்து, மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கையைக் கேட்கின்றன. படிக்கட்டில் உட்கார்ந்து ஊதுவதற்கும் இதற்கும் என்ன உறவு?

இனி விஞ்ஞானத்தின் கதை. இது நம் நாட்டில்தான் தொடங்கியது. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் ஓஷானசி என்ற அயர்லாந்துக்காரர் ஆசிரியராக இருந்தார். இந்தியாவில் தந்திக் கம்பி இழுத்தவரும் இதே மனிதர்தான்! நாட்டு வைத்தியர்கள் கஞ்சாவைப் பயன்படுத்துவதைப் பார்த்த அவர், அதன் பிசினைச் சாராயத்தில் கரைத்து, முதலில் விலங்குகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். நாய், பூனை, காகம், கழுகு எல்லாம் மயங்கின. குதிரை, மான், ஆடு ஆகியவற்றை அது அவ்வளவாகப் பாதிக்கவில்லை. பிறகு நோயாளிகளுக்குக் கொடுத்தார். பிறந்து சில வாரங்களே ஆன ஒரு குழந்தைக்கு ஓயாமல் வந்த வலிப்பு நின்றது. 1839இல் இதையெல்லாம் எழுதி வெளியிட்டார். அதன்பின் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மருந்துக் கடைகளில் கஞ்சாச் சாறு புட்டிகளில் விற்கப்பட்டது.

அப்படியானால் ஏன் அது மறைந்துபோயிற்று? சட்டம் தடுத்தது என்று பலர் சொல்வார்கள். அது பிந்திய கதை. முதலில் தடுத்தது இரசாயனம்தான்! அபினியிலிருந்து மார்பீனை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரித்துவிட்டார்கள். அது உப்பாகப் படியும், தண்ணீரில் கரையும், ஊசி மூலம் ஏற்றலாம், இத்தனை மில்லிகிராம் என்று அளக்கலாம். கஞ்சாவின் சத்து அப்படியல்ல. பிசுபிசுப்பான எண்ணெய். தண்ணீரில் கரையாது. ஒரு புட்டி பலமாக இருக்கும். அடுத்தது வெறும் நீராக இருக்கும். ஒரு நோயாளி ஒன்றுமே ஆகவில்லை என்பார், இன்னொருவர் நாள் முழுதும் மயங்கிக் கிடப்பார். எந்த மருத்துவர் இதை நம்பி எழுதிக் கொடுப்பார்? ஆஸ்பிரினும் வேறு தூக்க மருந்துகளும் வந்ததும் மருத்துவர்களே அதைக் கைவிட்டார்கள்.

இந்த முடிச்சு அவிழ 1964 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இஸ்ரேலில் மெக்கூலம், கயோனி என்ற இரு விஞ்ஞானிகள் காவல் துறை பறிமுதல் செய்திருந்த சரக்கைக் கேட்டு வாங்கி, போதை தரும் பொருளைத் தனியே பிரித்தார்கள். அதுதான் டி.எச்.சி. அதற்கு முந்தைய ஆண்டு மெக்கூலம் இன்னொரு பொருளின் அமைப்பையும் கண்டுபிடித்திருந்தார். அது சி.பி.டி. ஒரே செடி, அணுக்களின் எண்ணிக்கைகூட இரண்டிலும் ஒன்றே, கோர்வை மட்டும் சற்று வேறு. ஆனால் முதலாவது மயக்கும், இரண்டாவது மயக்காது. இயற்கை இப்படியெல்லாம் வேடிக்கை காட்டும்!

டி.எச்.சி. எப்படி வேலை செய்கிறது? 1988இல் மூளையில் அதற்கென்றே ஒரு பூட்டு போன்ற ஏற்பி இருப்பது தெரிந்தது. எங்கோ வளரும் செடியின் சாறுக்கு நம் மூளையில் எதற்குப் பூட்டு? நம் உடம்பே அதற்கு ஒரு சாவி செய்துகொண்டிருக்க வேண்டும் அல்லவா? தேடினார்கள். 1992இல் கிடைத்தது. அதற்கு வைத்த பெயர் ஆனந்தமைடு. ஆம், நம் 'ஆனந்தம்' என்ற சொல்தான். ஒரு நரம்பணு அடுத்ததற்குச் செய்தி அனுப்புகிறது. செய்தி மிகுந்துபோனால், வாங்கும் அணு "போதும், நிறுத்து" என்று திருப்பிச் சொல்ல வேண்டும். அந்த வேலைக்கு உதவுகின்றன ஆனந்தமைடும் அதன் கூட்டாளிப் பொருள்களும். தேவையான இடத்தில், தேவையான நொடியில் சுரந்து, உடனே அழிந்துவிடும். டி.எச்.சி.யோ நினைவு, சமநிலை, பசி, வலி என்று எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் புகுந்து, மணிக்கணக்கில் பூட்டைத் திறந்தே வைத்திருக்கிறது. வகுப்பில் ஒருவன் பேசும்போது ஆசிரியர் மெல்ல விரலை உதட்டில் வைப்பது ஆனந்தமைடு. பள்ளிக்கூடம் முழுவதற்கும் மணியடித்து விட்டுவிடுவது டி.எச்.சி.!

இப்போது அந்தப் பெரியவரின் பேச்சுக்கு வருவோம். விஷம்தான் என்று ஒரேயடியாகத் தள்ளிவிடலாமா? வலிப்பு நோயில் டிராவே என்றொரு கொடிய வகை உண்டு. கைக்குழந்தையாக இருக்கும்போதே தொடங்கும். பல மருந்துகளுக்கும் கட்டுப்படாது. இந்த நோயுள்ள 120 பேரை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்குத் தூய சி.பி.டி.யும் மறு குழுவுக்கு மருந்தில்லாத வெறும் திரவமும் கொடுத்தார்கள். யாருக்கு எது என்று மருத்துவருக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. 2017இல் முடிவு வெளிவந்தது. மருந்து பெற்ற குழுவில் மாதத்துக்கு 12.4 ஆக இருந்த வலிப்புகளின் நடுஅளவு 5.9 ஆயிற்று. மற்றதில் 14.9 என்பது 14.1 ஆனதோடு சரி. தூக்கம், வயிற்றுப்போக்கு, கல்லீரல் மாற்றம் போன்ற தொல்லைகளும் சிலருக்கு வந்தன. அவற்றையும் மறைக்காமல் எழுதினார்கள். அடுத்த ஆண்டே எபிடியோலெக்ஸ் என்ற பெயரில் அமெரிக்க அரசு இம்மருந்தை ஏற்றது. மாதம் பன்னிரண்டு முறை வலிப்பு வரும் குழந்தையின் தாய்க்கு அது ஆறாகக் குறைந்தால் என்ன பொருள் என்று எண்ணிப் பாருங்கள்.

புற்றுநோய் மருந்து பெறுவோரின் குமட்டலுக்கும், நரம்பு நோய் ஒன்றில் வரும் தசை இறுக்கத்துக்கும் டி.எச்.சி. உள்ள மருந்துகள் பயன்படுகின்றன. நாட்பட்ட வலிக்கு உதவுமா என்பதில் வல்லுநர்களே ஒத்துப்போகவில்லை. 2017இல் அமெரிக்க அறிவியல் கழகங்களின் அறிக்கை பெரியவர்களுக்கு உதவும் என்றது. 2021இல் வலி ஆய்வுக்கான பன்னாட்டுச் சங்கம் சான்று போதாது என்றது. நீரிழிவு, புற்றுநோய், முடி உதிர்தல் எல்லாவற்றையும் தீர்க்கும் என்று விளம்பரம் செய்கிறவர்களை நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? இங்கேதான் பலருக்குத் தடுமாற்றம். போதைப் பொருள் மற்றும் மனமயக்கப் பொருள் சட்டம் 1985இல் வந்தது. அதே ஆண்டில்தான் அமெரிக்க அரசு குமட்டலுக்கு டி.எச்.சி. மாத்திரையை அனுமதித்தது! நம் சட்டத்தில் கஞ்சா என்பது செடியின் பூ அல்லது காய் விட்ட நுனி. தனியே கிடக்கும் இலையும் விதையும் அதில் சேரா. வடக்கே சில மாநிலங்களில் அரசு உரிமத்தோடு பாங்குக் கடை நடப்பது இதனால்தான். ஆனால் இலையை அந்தந்த மாநிலச் சட்டங்கள் தனியே கவனிக்கின்றன. ஆகவே 'இலைதானே' என்று யாரும் துள்ள வேண்டாம். கஞ்சா ஒரு கிலோவுக்குள் இருந்தாலும் ஓராண்டு வரை கடுங்காவல் உண்டு. இருபது கிலோவுக்கு மேல் போனால் குறைந்தது பத்தாண்டு.

அதே சட்டத்தின் 8ஆம் பிரிவு மருத்துவத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் விலக்கு அளிக்கிறது. 10ஆம் பிரிவு, சாகுபடிக்கு அனுமதி தரும் அதிகாரத்தை மாநில அரசுகளுக்குக் கொடுக்கிறது. அதாவது கதவு பூட்டப்படவில்லை. சாத்தி மட்டுமே வைக்கப்பட்டிருக்கிறது. உத்தரகாண்ட் 2018இல் டி.எச்.சி. மிகக் குறைந்த நார்ச் செடிக்கு உரிமம் தந்தது. ஜம்முவிலுள்ள மத்திய அரசின் ஆய்வுக்கூடம் உரிமத்தோடு கஞ்சாச் செடி வளர்த்து, வலிக்கும் வலிப்புக்கும் மருந்து தேடுகிறது. 2020இல் ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணையம், மிகக் கடுமையான பட்டியலிலிருந்து கஞ்சாவை எடுத்தபோது, 27க்கு 25 என்ற நெருக்கமான வாக்கெடுப்பில் இந்தியாவும் ஆதரித்தே வாக்களித்தது.

கதவைத் திறப்பது என்றால் எப்படி? தாய்லாந்தின் அனுபவத்தைப் பாருங்கள். 2018இல் மருத்துவத்துக்கு மட்டும் அனுமதித்தார்கள். 2022இல் போதைப் பட்டியலிலிருந்தே நீக்கினார்கள். முறையான விதிகள் வருமுன் தெருத்தெருவாகக் கடைகள் முளைத்துவிட்டன. 2025இல் மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று திரும்பவும் இறுக்கினார்கள். 'மருத்துவம்' என்ற பலகையை மாட்டிக்கொண்டு வேறு வியாபாரம் நடக்கவிட்டால் நேர்வது இதுதான்.

உங்கள் வயதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மூளை முழு வளர்ச்சி அடைய ஏறக்குறைய 25 வயது ஆகிறது. முன்பின் யோசிக்கும் முன்மூளைதான் கடைசியில் பக்குவப்படுகிறது. அந்தக் கட்டுமானத்தில் ஆனந்தமைடு வகைப் பொருள்களுக்கும் பங்கு உண்டு. கொத்தனார் சுவர் எழுப்பும்போதே நூலைப் பிடித்து இழுத்தால் என்ன ஆகும்? ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் நடந்த ஆய்வு ஒன்று 2019இல் வெளிவந்தது. அதன்படி, தினமும் பயன்படுத்துவோருக்கு மனச்சிதைவு போன்ற நோய்க்கான வாய்ப்பு, பயன்படுத்தாதவரைப்போல் மூன்று மடங்கு. டி.எச்.சி. மிகுந்த சரக்கானால் ஐந்து மடங்கு. ஆய்வுத் தொடர்பு ஒன்றே காரணத்தை நிறுவிவிடாது என்று விஞ்ஞானம் படிக்கிற நீங்கள் சொல்லலாம். சரியான கேள்வி. ஆனால் சந்தேகம் தீரும்வரை உங்கள் மூளையையே பரிசோதனைச்சாலை ஆக்கிக்கொள்வானேன்?

என் யோசனை இது. தமிழ்நாட்டில் சித்த மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. நரம்பியல் துறையுள்ள பெரிய அரசு மருத்துவமனைகள் இருக்கின்றன. இரண்டும் சேர்ந்து, அரசு உரிமத்தோடு, கோரக்கர் மூலி சேரும் பழைய மருந்துகளை எடுத்து அளந்து பார்க்க வேண்டும். எந்த மருந்தில் எத்தனை மில்லிகிராம் டி.எச்.சி., எத்தனை சி.பி.டி.; சுத்தி செய்தபின் எவ்வளவு மிஞ்சுகிறது; டிராவே ஆய்வில் செய்ததுபோல் இரண்டு குழு வைத்தால் என்ன தெரிகிறது? பயன் இல்லையென்றால் இல்லை என்று எழுதிவிட வேண்டும். அதுவும் கண்டுபிடிப்புதான்.

கொல்லிமலை மக்களின் பங்கையும் மறந்துவிடக் கூடாது. கேரளத்தில் காணிப் பழங்குடியினர் காட்டிக் கொடுத்த ஆரோக்கியப்பச்சை என்ற செடியிலிருந்து திருவனந்தபுரத்து ஆய்வுக்கூடம் ஜீவனி என்ற மருந்தைச் செய்தது. உரிமத் தொகையில் பாதி காணிகளுக்கு என்று 1990களில் ஏற்பாடாயிற்று. இதே ஏற்பாடு முடவாட்டுக்காலுக்கும் வரலாம். அதற்கு முதலில் அந்தச் சூப்பையும் யாராவது அளந்து பார்க்க வேண்டும். திரும்பி வரும்போது செம்மேட்டில் கடைக்கார அம்மாவிடம், "ஒரு கோப்பைக்கு எவ்வளவு கிழங்கு போடுவீர்கள்?" என்று கேட்டேன். அவர் யோசிக்காமல் சுண்டு விரலைக் காட்டி, "இவ்வளவு. குழந்தைக்கு இதில் பாதி. மசக்கைக்காரிக்குக் கொடுக்க மாட்டேன்" என்றார்.