சினை நண்டு கேட்டு வாங்குபவரா நீங்கள்? சுண்ணாம்புக்குளத்தின் கதையைப் படியுங்கள்!

"சினை நண்டா பார்த்துப் போடுங்க!" மீன் மார்க்கெட்டில் அடிக்கடி காதில் விழும் வார்த்தை இது. பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களின் அடுத்த பருவ வரும்படி அந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது.

அப்படிப்பட்ட ஊர்களில் ஒன்று, திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில் உள்ள சுண்ணாம்புக்குளம். ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து, நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. இங்கே பிடிபடும் வெள்ளை இறாலும் களி நண்டும் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்கின்றன. மணல் சேர்ந்து முகத்துவாரம் அடைபட்டால் வரத்தும் நின்றுபோகும்.

இப்போது வெப்பமும் சேர்ந்துகொண்டது. ஆழமில்லாத ஏரி சீக்கிரம் சூடாகும். தண்ணீர் வற்ற வற்ற உப்பு ஏறும். பூமியில் சேரும் கூடுதல் வெப்பத்தில் 90 சதவிகிதத்துக்கு மேல் கடல்தான் வாங்கிக்கொள்கிறது. நாம் வெளியேற்றும் கரியமில வாயுவில் சுமார் கால் பங்கும் கடலில் கரைகிறது. அதனால் கடல்நீரில் அமிலத்தன்மை கூடினால், மட்டியும் சிப்பியும் ஓடு கட்டவே சிரமப்படும். அந்த ஓட்டைச் சுட்டால் கிடைப்பதுதான், ஊர்ப் பெயரில் இருக்கும் சுண்ணாம்பு!

ஏரியைப் பங்கிட்டுக்கொள்ள பழவேற்காடு மீனவர்களிடம் 'பாடு' என்ற பழைய முறை உண்டு. யார், எந்த நாளில், எங்கே வலை போடுவது என்று முறை வைத்துக்கொள்வார்கள். ஆனால், பாடு உரிமை எல்லோருக்கும் கிடையாது. படகும் வலையும் இல்லாத இருளர் பெண்கள், இடுப்பளவு தண்ணீரில் சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். வரத்து குறைந்தால் முதலில் காலியாவது அவர்களின் பறிதான்.

கட்டுப்பாடு பலன் தரும் என்பதற்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. கேரளாவின் அஷ்டமுடி ஏரியில் மட்டி குறைந்தபோது, இனப்பெருக்க காலமான டிசம்பர் முதல் பிப்ரவரி வரை அள்ளுவதை நிறுத்தினார்கள். சின்ன மட்டி தப்பிப் போகும்படி வலைக்கண்ணுக்கும் அளவு வைத்தார்கள். நீடித்த மீன்பிடிப்புக்கான எம்.எஸ்.சி. சான்றிதழை 2014-ல் இந்தியாவிலேயே முதலாவதாகப் பெற்றது அந்த மட்டித் தொழில்.

நம் பங்குக்கு? ஒரு தாய் நண்டு லட்சக்கணக்கில் முட்டைகளைச் சுமக்கும். அடுத்த முறை நண்டைத் திருப்பிப் பாருங்கள். வயிற்று மடிப்பு குறுகலாக முக்கோணமாக இருந்தால் ஆண். அகலமாக இருந்தால் பெண். "ஆண் நண்டா போடுங்க" என்று கேளுங்கள். உள்ளங்கையைவிடச் சின்ன நண்டு என்றால், "வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள். வாங்க ஆளில்லாத நண்டை யாரும் பிடிக்க மாட்டார்கள்!