கல்யாணம் எங்கே?

என் தமக்கையாருக்கு எண்பத்திரண்டு வயது. யாழ்ப்பாணத்தில் தமக்குச் சீதனமாகக் கிடைத்த வளவிலேயே இன்றும் இருக்கிறார். அவருடைய பேத்தி ரொறன்ரோவிலே பிறந்து வளர்ந்தவள். அவளுக்கு விவாகம் நிச்சயமாகியிருக்கிறது. மணமகன் பாரிசிலே வளர்ந்தவன். அவனுடைய பெற்றோரும் நம்மவரே. இச்செய்தி கேட்டு மகிழ்ந்த என்னை அடுத்த செய்தி திகைக்க வைத்தது. கல்யாணம் ரொறன்ரோவிலும் அன்று, பாரிசிலும் அன்று, யாழ்ப்பாணத்திலும் அன்று. இத்தாலி நாட்டிலே கோமோ என்னும் ஏரியின் கரையிலாம்!

முதலில் எனக்குக் கோபமே வந்தது. ஆனால், கோபத்தில் எழுதப்படும் கட்டுரை எழுதியவனுக்கன்றி வேறெவர்க்கும் பயன் தருவதில்லை என்பதை வாத்தியார் வேலையிலே கற்றவன் நான். ஆகவே சில நாள் பொறுத்திருந்து சிந்தித்தேன். சிந்தித்தபோது என் கோபத்தின் பாதி நியாயமற்றது என்று கண்டேன். மற்றப் பாதியைத்தான் இங்கே வாசகர் முன் வைக்க விரும்புகிறேன்.

ஊர் விட்டுப் போய் மணமுடிப்பது புதுமையன்று. இங்கிலாந்தில் 1753ஆம் ஆண்டு ஒரு விவாகச் சட்டம் இயற்றினார்கள். இருபத்தொரு வயது நிரம்பாதோர் பெற்றோர் சம்மதமின்றி மணத்தல் அதனால் அரிதாயிற்று. ஸ்கொட்லாந்துக்கு அச்சட்டம் செல்லாது. உடனே காதலர்கள் வண்டியேறி எல்லையைக் கடந்தார்கள். எல்லைக்கு அப்பால் முதலில் எதிர்ப்படும் கிராமங்களில் ஒன்றான கிரெட்னா கிரீனிலே, கொல்லனுடைய பட்டடைக் கல்லின் முன் மணம் நடந்தேறியது. திருமணத்துக்கு முன் இருபத்தொரு நாள் ஸ்கொட்லாந்தில் தங்கியிருத்தல் வேண்டும் என்று 1856இல் மற்றொரு சட்டம் வந்த பின்னரே அவ்வோட்டம் தணிந்தது.

நம்மவர் கதையும் அத்தகையதே. மலாயாவில் புகையிரதப் பகுதியிலும் கந்தோர்களிலும் உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்து இளைஞர் கப்பலேறி ஊருக்கு வந்து மணமுடித்து, மனைவியை அழைத்துக்கொண்டு திரும்பினர். 1983க்குப் பின்னர் நிலைமை தலைகீழாயிற்று. மணமகன் ஊருக்கு வர முடியாது. மணமகள் அவனுடைய தேசத்துக்கு எளிதில் போக முடியாது. ஆகவே சென்னையும் திருச்சியும் எத்தனையோ குடும்பங்களுக்கு நடுவூராயின. தாலி கட்டிய பின் மணமகன் ஒரு விமானத்திலும், விசாவுக்குக் காத்திருக்கும் மணமகள் ஒரு வாடகை அறையிலுமாகப் பிரிந்த கதைகளை நாம் அறிவோம்.

இவையெல்லாம் சட்டமும் சம்பளமும் யுத்தமும் துரத்திய பயணங்கள். இன்றோ எவரும் துரத்தவில்லை. காட்சி அழகாயிருக்கிறது என்பதற்காகப் போகிறார்கள்.

கோமோ ஏரி என்றதும் என் மனம் ஒரு நாவலுக்குச் சென்றது. அலெஸ்ஸாந்த்ரோ மான்சோனி 1827இல் வெளியிட்ட அந்த நூலின் பெயரைத் தமிழிலே ‘நிச்சயிக்கப்பட்டவர்கள்’ எனலாம். கதை தொடங்குவது அவ்வேரிக்கரையிலேதான், காலம் 1628. ரென்சோ என்பவன் பட்டு நூற்பவன், லூசியா ஏழைப்பெண். இருவருக்கும் மறுநாள் விவாகம். அவ்வூர்ப் பிரபு ஒருவன் அப்பெண்மேல் கண்வைத்து, மணத்தை நடத்தக் கூடாதென்று குருவானவரை மிரட்டுகிறான். பயந்த குரு சாக்குச் சொல்கிறார். மணமக்கள் இரவோடிரவாக ஓடமேறி ஊரைவிட்டு ஓடுகிறார்கள். பஞ்சமும் யுத்தமும் கொள்ளைநோயும் கடந்து, இறுதியில் சொந்த ஊருக்குத் திரும்பி, அதே குருவின் கையாலேயே விவாகம் செய்துகொள்கிறார்கள். அதன் பின்பு பிழைப்புத் தேடி வேறு நாட்டுக்குப் போகிறார்கள். அக்கரையிலே பிறந்தவர்கள் எந்த மணத்தைச் செய்ய முடியாமல் ஓடினார்களோ, அதே கரையில் இன்று உலகத்துச் செல்வர்கள் கூடி மணமுடிக்கிறார்கள்! இடத்துக்கு அழகு உண்டு. அவ்விடத்தாருக்குக் கதையும் உண்டு. அழகை மட்டும் வாடகைக்கு எடுக்க வருபவருக்கு அக்கதை தெரிய நியாயமில்லை.

இதையெல்லாம் தொலைபேசியிலே பேத்தியிடம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பின்னர், “தாத்தா, எங்கட ஆக்கள் ஆறு நாட்டில இருக்கினம். எங்க வைச்சாலும் ஆருக்கோ பரதேசம்தானே? ஊரில வைச்சால் ஆயிரம் பேர் வருவினம். எனக்கு அதில ஐம்பது பேரைத் தெரியாது. அங்க எண்டால் அறுபது பேர்தான். செலவும் குறையும்” என்றாள்.

இதற்கு என்னிடம் உடனே விடையில்லை. அவள் சொன்னது உண்மை. ஊர்க் கல்யாணத்தை நாம் பொற்காலம்போலப் பேசுவதும் முழு நேர்மையன்று. பொன்னுருக்கும் கன்னிக்காலும் நாலாம் சடங்கும் அழகியவைதாம். ஆனால் அதே பந்தலில்தான் சீதனத்துக்காகக் குரல்கள் உயர்ந்தன. எவர் எங்கே இருக்கலாம், எவருக்கு எந்தப் பாத்திரத்தில் சோறு என்பதும் அங்கேதான் வகுக்கப்பட்டது. வெள்ளை கட்டிப் பந்தலை அலங்கரித்தவன் அப்பந்தியிலே சமமாக இருந்து உண்ண முடியாதிருந்த காலத்தை என் கண்ணாலே கண்டிருக்கிறேன். ஊர் முற்றம் எல்லாருக்கும் திறந்திருந்தது என்று சொன்னால் அது பொய்.

ஆயினும், அந்தக் குறைக்கு நாம் வெட்கப்படுவது எதற்காக? வர வேண்டியவரை வரவிடாமல் ஒரு கோடு போட்டோம் என்பதற்காக அல்லவா? அப்படியானால் இன்று இன்னொரு கோட்டைப் போடும்போதும் அதே வெட்கம் வர வேண்டும். என் கோபத்தின் நியாயமான பாதி இதுவே.

அக்கோடு எதுவென்று கேட்கலாம். கடவுச்சீட்டுத்தான். கனடாக் கடவுச்சீட்டு உடையவர் இத்தாலிக்குச் சுற்றுலா செல்ல விசாக் கேட்க வேண்டியதில்லை. இலங்கைக் கடவுச்சீட்டு உடைய என் தமக்கையாரோ ஷெங்கன் விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். 2024 ஜூனிலிருந்து அதற்குக் கட்டணம் 90 யூரோ. முப்பதினாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வேண்டும். வங்கிக் கணக்கு விபரம் வேண்டும். தங்குமிடத்துக்குச் சான்று வேண்டும். திரும்பி வருவார் என்பதற்கும் சான்று வேண்டும். விரலடையாளம் கொடுக்கக் கொழும்புக்குப் போக வேண்டும். எண்பத்திரண்டு வயதில், முழங்கால் வலியோடு, தம் வளவைவிட்டுச் சந்திக் கடைக்கே போகாதவர் தாம் இத்தாலியில் குடியேற மாட்டார் என்று நிரூபிக்க வேண்டும்! பட்டியலை நான் வாசித்துக் காட்டினேன். தமக்கையார் கோபிக்கவில்லை. “அவை எங்க கட்டினாலும் சரி. என்ர கையால நாலு அறுகரிசி விழவேணும், அவ்வளவுதான்” என்றார்.

ஆகவே இவ்விஷயத்தில் நான் வந்தடைந்த முடிவு இது. கல்யாணத்தை எந்தத் தேசத்திலும் வைக்கலாம், பிழையில்லை. ஆனால் இடத்தைத் தெரிவு செய்யும்போது முதலில் பார்க்க வேண்டியது ஏரியையும் மலையையும் அன்று. வர வேண்டியவர்களுள் மிகவும் முதிர்ந்த முழங்கால் எது, மிகவும் பலமற்ற கடவுச்சீட்டு எது என்பதையே பார்க்க வேண்டும். அவ்விரண்டும் எட்டக்கூடிய இடத்தைக் குறித்துக்கொண்டு, அதற்குள் எத்தனை அழகைத் தேடினாலும் எவரும் குறை கூறார். அறுபது பேரை மட்டும் அழைப்பதும் குற்றமன்று. அந்த அறுபதில் அம்மம்மா இல்லாதிருப்பதே குற்றம்.

சட்டம் இதற்குத் தடையாயிராதா என்று கேட்போர் உண்டு. சட்டத்தையும் சடங்கையும் தனித்தனியே வைத்துக்கொண்டால் சிக்கல் பெரிதில்லை. பிரான்சிலே நகரசபையில் விவாகம் பதிவான பின்னரே சமயச் சடங்கு நடத்த வேண்டும் என்பது அந்நாட்டு விதி. ஒன்ராறியோவிலே நகரசபையில் பெறும் அனுமதிப்பத்திரம் தொண்ணூறு நாளுக்குச் செல்லும். இத்தாலியிலேயே பதிவு செய்வதென்றால், மணத்துக்குத் தடையில்லை என்று சொந்த நாட்டிலிருந்து பத்திரங்கள் கொண்டு செல்ல வேண்டும். வாழும் ஊரிலே பதிவை முடித்துவிட்டால் தாலி கட்டும் இடம் மணமக்களின் விருப்பத்துக்கு உரியதாகிறது. விருப்பத்துக்கு உரியது என்பதனாலேயே அதற்குப் பொறுப்பும் அவர்களுடையதாகிறது. சட்டத்தின் மேலோ யுத்தத்தின் மேலோ பழிபோட இம்முறை வழியில்லை.

பேத்தியின் விவாகம் எங்கே நடக்கும் என்பது இக்கட்டுரை எழுதும்வரை முடிவாகவில்லை. ஏரிக்கரை மண்டபத்துக்கு முற்பணம் கட்டியாயிற்று என்று தெரிகிறது. ஆனால் சென்ற கிழமை, இரவு வெகுநேரத்தில், அவளே தொலைபேசியில் அழைத்தாள். சுற்றி வளைக்காமல் ஒரே கேள்வி கேட்டாள்: “தாத்தா, அம்மம்மாவால எங்க வரேலும்?”

“அவவின்ர முற்றம் வரைக்கும்” என்றேன்.

சிறிது நேரம் அவள் பேசவில்லை. பின்னர், கன்னிக்கால் நாட்ட முள்முருக்கு இப்போதும் அந்த வேலியிலே நிற்கிறதா என்று கேட்டாள். நிற்கிறது என்றேன்.

கல்யாணப் பேச்சு நடக்கும் எல்லா வீடுகளிலும் அவள் கடைசியாகக் கேட்ட அக்கேள்வியை முதலாவதாகக் கேட்பார்களாயின், எந்த நாட்டில் எந்த ஏரிக்கரையில் மணம் நடந்தாலும் எனக்குச் சம்மதமே.