பேட்டரிக்காக போனையே மாற்றுவதா?

நன்றாக ஓடுகிற போன், சார்ஜ் நிற்கவில்லை என்ற ஒரே காரணத்தால் மூலைக்குப் போகிறது. சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கியதும் லித்தியம் பேட்டரி தளர்வது இயல்புதான். முன்பு நகத்தால் மூடியை நெம்பி வேறு பேட்டரி போட்டால் போதும். இன்று பெரும்பாலும் பின்பக்கத்தைச் சூடேற்றி, பசையை இளக்கி, மெல்லிய தகடு விட்டுப் பிரிக்க வேண்டும். கை சற்றுப் பிசகினால் கண்ணாடி விரிசல் விடும். இது தொழில்நுட்பத்தின் கட்டாயமல்ல, வடிவமைப்பில் எடுத்த முடிவு.

ஒட்டாவிட்டால் தண்ணீர் புகும் என்பது நிறுவனங்களின் வாதம். 2014-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5, கழற்றும் பேட்டரியோடு நீரையும் தாங்கியதே! விலை ஏறும் என்கிறார்கள், கொஞ்சம் ஏறலாம். ஆனால் இரண்டு ஆண்டு கூடுதலாக உழைக்கும் போன், மாதத் தவணையில் வாங்கும் குடும்பத்துக்கு லாபமே. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் சந்தைக்கு வரும் போன்களுக்கு, அந்த மாடலின் விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டுகள் முக்கிய உதிரிபாகங்கள் கிடைத்தாக வேண்டும். இந்தியாவில் 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுநீக்கும் உரிமைக்காக ஓர் இணையதளம் தொடங்கியது. தகவல் தருவது நல்லதுதான், ஆனால் அதனால் மட்டும் பேட்டரி கடைக்கு வந்துவிடாது. உதிரிபாகமும் அதன் விலையும் சட்டப்படி உறுதியாக வேண்டும். அதுவும் நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்கு மட்டுமல்ல, சென்னை ரிச்சி தெருவின் சின்னக் கடைக்கும்.