லாரியில் எரியும் மஞ்சள் விளக்கு: உண்மையில் எது பழுது?

காலையில் காத்தோங் பக்கம் போனால், ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டில் கடைக்குக் கடை நின்று சரக்கு இறக்கும் லாரிகளைப் பார்க்கலாம்.

அப்படி ஒரு லாரியில் புகைக் கட்டுப்பாட்டு எச்சரிக்கை விளக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி ஓடும். ஆனால் அப்படியே விட்டால் இயந்திரத்தின் இழுவை குறையும். யூரோ 6 விதிப்படி, கடைசிக் கட்டத்தில் வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டாது.

வேலை கெடும், வருமானம் போகும். அப்புறம் ஏன் இந்த விதி?

லாரிக்குள் என்ன நடக்கிறது?

சிங்கப்பூரில் 2018 ஜனவரி முதல் புதிய டீசல் வாகனங்கள் யூரோ 6 அல்லது அதற்கு இணையான தரத்தை எட்டவேண்டும். அதற்காகப் புகைக் குழாயில் இரண்டு முக்கியப் பாகங்கள் உள்ளன.

- வடிகட்டி: கரித்துகளைப் பிடித்துவைத்து, சூடேறியதும் எரித்துவிடும்.
- வினையூக்கி: ஆட்புளூ திரவத்தின் உதவியோடு நைட்ரஜன் ஆக்சைடுகளை நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாற்றும். அந்தத் திரவத்தில் 32.5 விழுக்காடு யூரியா, மீதி சுத்திகரித்த நீர்.

திரவத்தை எப்போது, எவ்வளவு பீய்ச்சுவது என்று முடிவெடுப்பது மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி. பட்டறையில் "மாட்யூல்" என்பார்கள்.

அப்போ மாட்யூல்தான் கெட்டுப்போச்சா?

பெரும்பாலும் இல்லை.

பரிசோதனைக் கருவியை இணைத்தால் "பி20ஈஈ" போன்ற குறியீடு வரும். வினையூக்கி போதிய அளவு வேலை செய்யவில்லை என்பது அதன் பொருள். ஏன் என்று அது சொல்லாது. தெர்மாமீட்டர் காய்ச்சல் இருப்பதைக் காட்டும். டெங்கியா, சளியா என்று காட்டாது. அதுபோலத்தான்.

அதனால் எளிதானதிலிருந்து தொடங்கவேண்டும்:

1. ஆட்புளூ போதுமான அளவு இருக்கிறதா, தரமானதா?
2. பீய்ச்சும் முனையில் வெள்ளைப் படிகம் அடைத்திருக்கிறதா?
3. வயர் இணைப்புகளில் துரு உண்டா? பேட்டரியின் மின்னழுத்தம் சரியா?
4. வினையூக்கிக்கு முன்னும் பின்னும் உள்ள சென்சார்கள் சரியாக அளக்கின்றனவா?
5. எல்லாம் சரி என்றால்தான் மாட்யூல்.

வரிசை மாறினால், விலை அதிகமான பெட்டியை மாற்றிய பிறகும் அதே விளக்கு எரியும்.

நம் ஊரில் கவனிக்கவேண்டியது

வெப்பம்: ஆட்புளூவை 30 டிகிரி செல்சியஸில் சுமார் 12 மாதம் வைத்திருக்கலாம். 35 டிகிரியில் சுமார் 6 மாதம்தான். வெயிலில் கிடக்கும் டப்பாவை நம்பவேண்டாம்.

குறுகிய பயணம்: நின்று நின்று ஓடும் லாரியில் புகைக் குழாய் தேவையான அளவு சூடாவதில்லை. வடிகட்டி அடைத்துக்கொள்ளலாம், படிகமும் சேரலாம்.

சில நேரம் தவறு ஓட்டுநரிடமும் இல்லை, பட்டறையிடமும் இல்லை. 2018இல் அமெரிக்காவில் கம்மின்ஸ் நிறுவனம் சுமார் 500,000 வாகனங்களைத் திரும்ப அழைத்தது. அவற்றின் வினையூக்கிகள் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் தேய்ந்ததே காரணம்.

"துண்டிச்சு விட்டா என்ன?"

பொய்த் தகவல் கொடுத்து மாட்யூலை ஏமாற்றும் கருவிகள் உண்டு. விளக்கு அணைந்துவிடும், லாரியும் வேகமாக ஓடும். ஆனால் நைட்ரஜன் ஆக்சைடுகள் அப்படியே வெளியேறும்.

கரும்புகை வரவில்லை என்பதால் காற்று சுத்தம் என்று ஆகிவிடாது. புகைச் சோதனை அளப்பது புகையின் கருமையை. நைட்ரஜன் ஆக்சைடுகள் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாதவை. ஆனால் நுரையீரலை எரிச்சலூட்டி ஆஸ்துமாவை மோசமாக்கும். லாரிக்குப் பக்கத்தில் நடந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகள்தான் அதைச் சுவாசிப்பார்கள்.

விதியைத் தளர்த்தலாமா?

2025 ஆகஸ்டில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு அமைப்பு, வண்டி திடீரென முடங்காதபடி மென்பொருளை மாற்றுமாறு உற்பத்தியாளர்களைக் கேட்டுக்கொண்டது. பழுதுபார்க்க ஓட்டுநருக்கு அவகாசம் கிடைக்கும் என்பது வாதம். அவகாசம் நீண்டால் மாசும் நீளும் என்பது எதிர்வாதம்.

சிங்கப்பூரில் 2025 முதல் புதிய டீசல் கார்களையும் டாக்சிகளையும் பதிவுசெய்ய முடியாது. லாரிகளுக்கு அந்தத் தடை இல்லை. எனவே இந்த விளக்கு இன்னும் பல ஆண்டுகள் நம்மோடு இருக்கும்.

அது எரிந்த முதல் நாளே ஓட்டுநர் தயங்காமல் சொல்லவும், முதலாளி வண்டியை அன்றே பட்டறைக்கு அனுப்பவும் முடிந்தால், செலவும் குறையும், மாசும் குறையும்.